‘ரிடன்டன்ட்’ ஆனது ஆளா, வேலையா? வேலை பறிபோவதைச் சொல்லும் ஆங்கிலச் சொற்கள்

இங்கிலாந்தில் ஒரு சரக்குக் கிடங்கில் வேலை பார்த்த உறவுக்காரத் தம்பி ஒருவன் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நள்ளிரவில் ஒரு கடிதத்தைப் படமெடுத்து வாட்ஸப்பில் அனுப்பினான். கூடவே ஒரே ஒரு வரி: “அண்ணா, என்னைத் தேவையில்லாத ஆளுன்னு எழுதியிருக்காங்களா?”

கடிதம் முக்கால் பக்கம்தான். நிறுவனம் தன் வேலைகளை மாற்றியமைக்கிறது, அதனால் அவனுடைய ‘ரோல்’ இப்போது ‘அட் ரிஸ்க் ஆஃப் ரிடன்டன்சி’ என்ற நிலையில் இருக்கிறது, அடுத்த வாரம் ‘கன்சல்டேஷன்’ என்ற கலந்தாலோசனைக் கூட்டத்துக்கு வர வேண்டும், விரும்பினால் சக ஊழியர் ஒருவரைத் துணைக்கு அழைத்து வரலாம். இவ்வளவுதான் விஷயம். அவன் செல்போன் அகராதியில் ‘ரிடன்டன்ட்’ என்று போட்டுத் தேடியிருக்கிறான். தேவையற்ற, மிகையான, வேண்டாத என்று வரிசையாக வந்திருக்கிறது. எட்டு வருஷம் ராத்திரி ஷிஃப்ட் பார்த்தவன், அந்த மூன்று சொற்களையும் தன் பெயருக்கு முன்னால் வைத்துப் படித்துவிட்டான்.

நான் மொழிபெயர்ப்பு வேலையில் இருப்பவன். அன்று அவனுக்கு அவசரமாகச் சொன்னதையும், அதற்குப் பிறகு நிதானமாகத் தேடித் தெரிந்துகொண்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். வேலை போவதைச் சொல்ல ஆங்கிலத்தில் சொற்கள் ஏராளம். பேச்சில் நாம் எல்லாவற்றையும் ‘வேலை போச்சு’ என்ற ஒரே பையில் போட்டுக் கட்டிவிடுகிறோம். ஆங்கிலத்திலோ யார் மேல் பிழை, கையில் பணம் வருமா, திரும்பக் கூப்பிடுவார்களா என்ற மூன்று கேள்விகளுக்கும் ஒவ்வொரு சொல்லும் ஒவ்வொரு பதில் வைத்திருக்கிறது. சொல்லை மாற்றிப் புரிந்துகொண்டால் மனசும் நோகும், சில சமயம் பணமும் போகும்.

முதலில் அந்த ‘ரிடன்டன்ட்’.

லத்தீனில் ‘உண்டா’ என்றால் அலை. ‘ரெடுண்டாரே’ என்றால் அலை பொங்கித் திரும்புவது, கரை மீறி வழிவது. ஏராளம் என்று பொருள்படும் ‘அபண்டன்ட்’, வெள்ளம் மூடுவதைச் சொல்லும் ‘இனண்டேட்’, அலை அலையாக அசைவதைச் சொல்லும் ‘அண்டுலேட்’ எல்லாம் அந்த ஒரே அலையின் பிள்ளைகள். இதே பொருளில் வரும் இன்னொரு சொல் ‘சூப்பர்ஃப்ளூவஸ்’. அதுவும் தண்ணீரில் பிறந்ததுதான்: மேலாக வழிந்து ஓடுவது என்பது அதன் மூலப் பொருள். தேவைக்கு மேற்பட்டது என்று சொல்ல ஆங்கிலம் கடன் வாங்கிய இரண்டு முக்கியமான சொற்களுமே நிரம்பி வழியும் நீரைத்தான் காட்டுகின்றன. இந்தப் படிமம் எனக்கு ஆறுதலாக இருக்கிறது. குடம் நிறைந்த பிறகு வழியும் தண்ணீரில் என்ன கெடுதல்? குடத்துக்குள் இருக்கும் தண்ணீரும் அதே தண்ணீர்தான். குடத்தின் அளவு அவ்வளவுதான் என்பது மட்டுமே வித்தியாசம்.

தமிழின் ‘மிகை’யும் இப்படி இரண்டு பக்கமும் ஓடுகிற சொல். ‘மிகு’ என்ற வேரில்தான் மிகுதியும் பிறந்தது, மிகையும் பிறந்தது. ஒன்று வளம், மற்றது குறை. நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்கள் என்று நம் இலக்கணம் அடுக்கும் பட்டியலில் ‘மிகைபடக் கூறல்’ ஒன்று, ‘கூறியது கூறல்’ இன்னொன்று. எழுத்து நடையைப் பற்றிப் பேசும்போது ஆங்கிலத்தில் ‘ரிடன்டன்ட்’ என்பது ஏறக்குறைய இந்த இரண்டையும் சேர்த்துத்தான் குறிக்கும். ‘ரிட்டர்ன் பேக்’, ‘ஃப்ரீ கிஃப்ட்’ போன்றவற்றை ஆசிரியர்கள் வட்டமிட்டு ஓரத்தில் எழுதும் சொல் அது. நாம் ‘நடு சென்டர்’ என்கிறோமே, அது மாதிரி.

அதே சொல் ஒரு பொறியாளர் வாயில் பாராட்டாகிவிடுகிறது. விமானத்தில் ஒரு எஞ்சின் நின்றுபோனாலும் மற்றது தாங்கிக்கொண்டு வந்து இறக்கும். முக்கியமான ஒவ்வொரு அமைப்புக்கும் மாற்று ஒன்று, சிலவற்றுக்கு இரண்டு மூன்று இருக்கும். இதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘ரிடன்டன்சி’. அது இல்லாத விமானத்தில் யாரும் ஏறக் கூடாது. தகவல் கோட்பாட்டைத் தொடங்கிவைத்த கிளாட் ஷானன், 1948-ல் வெளியிட்ட கட்டுரையில் சாதாரண ஆங்கில எழுத்தில் ஏறக்குறைய 50 சதவீதம் ரிடன்டன்ட் என்று கணக்கிட்டார். நாம் எழுதுவதில் பாதியளவை மொழியின் அமைப்பே தீர்மானித்துவிடுகிறது என்பது அதன் பொருள். சில எழுத்துகள் விட்டுப்போன குறுஞ்செய்தியையும் நாம் தடுமாறாமல் படித்துவிடுவது அந்த மிகையின் தயவால்தான். மிகை இல்லாவிட்டால் ஒரு எழுத்து தப்பினாலும் செய்தியே மாறிப்போகும்.

ஆக, இலக்கணத்தில் குற்றம், பொறியியலில் பாதுகாப்பு. வேலைச் சந்தைக்கு வரும்போது என்ன ஆகிறது? அங்கேதான் சட்டம் குறுக்கே வருகிறது.

பிரிட்டனில் 1965-ல் ‘ரிடன்டன்சி பேமென்ட்ஸ் ஆக்ட்’ என்ற சட்டம் வந்தது. வேலையிடம் இல்லாமல் போனதால் வெளியேற்றப்படும் தொழிலாளிக்கு நிறுவனம் பணம் கொடுத்தாக வேண்டும் என்பதை அது உரிமையாக்கியது. இப்போது அந்த விதிகள் 1996-ம் ஆண்டு ‘எம்ப்ளாய்மென்ட் ரைட்ஸ் ஆக்ட்’டில் இருக்கின்றன. அதன் 139-வது பிரிவு சொல்வதன் சாரம் இதுதான்: தொழில் மூடப்பட்டாலோ, அந்த இடத்தில் தொழில் நிறுத்தப்பட்டாலோ, ஒரு குறிப்பிட்ட வகை வேலைக்கு ஆள் வேண்டிய அவசியம் இல்லாமல் போனாலோ, குறைந்தாலோ, அதன் காரணமாக ஒருவரை அனுப்புவது ரிடன்டன்சி. இந்த வரையறையில் அந்த ஆளின் திறமை, நடத்தை, வயது எதைப் பற்றியும் ஒரு சொல் கிடையாது. முழுக்க முழுக்க வேலையைப் பற்றிய பேச்சு. நீங்கள் போன மறுவாரம் அதே வேலைக்கு அதே இடத்தில் வேறொருவரைச் சேர்த்தார்கள் என்றால் அது உண்மையான ரிடன்டன்சிதானா என்று தீர்ப்பாயத்தில் கேள்வி எழுப்பலாம்.

சட்டம் இவ்வளவு கவனமாக வேலையைச் சுட்டுகிறது. பேச்சு ஆங்கிலம் அந்தக் கவனத்தைக் கைவிட்டுவிட்டது. ‘ஷி வாஸ் மேட் ரிடன்டன்ட்’ என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். அவள் ரிடன்டன்ட் ஆக்கப்பட்டாள். வேலைக்குச் சூட்ட வேண்டிய அடைமொழி ஆளின் தலையில் வந்து உட்கார்ந்துகொண்டது. அன்றாடம் அந்த மொழியில் புழங்குகிறவர்களுக்கு அது தேய்ந்துபோன தொடர், குத்தாது. அகராதியை வைத்துக்கொண்டு சொல்லுக்குச் சொல் படிக்கிறவனுக்கு நேராக நெஞ்சில் இறங்கும். என் தம்பிக்கு நடந்தது அதுதான்.

அந்தச் சொல்லோடு வரும் உரிமைகளையும் அவனுக்குச் சொன்னேன். இரண்டு ஆண்டு தொடர்ந்து வேலை பார்த்திருந்தால் பிரிட்டனில் சட்டப்படியான ரிடன்டன்சி பணம் உண்டு. 22 வயது ஆவதற்கு முன் வேலை பார்த்த ஒவ்வொரு முழு ஆண்டுக்கும் அரை வாரச் சம்பளம், 22 முதல் 40 வரை ஒரு வாரச் சம்பளம், 41 முதல் ஒன்றரை வாரச் சம்பளம். அதிகபட்சம் 20 ஆண்டுகள்தான் கணக்கில் வரும். வாரச் சம்பளத்துக்கும் அரசு ஓர் உச்சவரம்பு வைத்திருக்கிறது. அவன் 25 வயதில் சேர்ந்தவன், எட்டு ஆண்டு முடித்தவன். ஆகவே எட்டு வாரச் சம்பளம். அதற்கு மேல், ஆண்டுக்கு ஒரு வாரம் என்ற கணக்கில் எட்டு வார முன்னறிவிப்பு. ஒரே இடத்தில் 90 நாளுக்குள் 20 பேர் அல்லது அதற்கு மேல் அனுப்பப்படுவதாக இருந்தால் கலந்தாலோசனையைக் குறைந்தது 30 நாள் முன்பே தொடங்க வேண்டும். 100 பேர் என்றால் 45 நாள். நிறுவனத்திலேயே பொருத்தமான வேறு வேலை இருந்தால் அதைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். அதை நான்கு வாரம் செய்து பார்க்கும் வாய்ப்பும் உண்டு. வேறு வேலை தேட, நேர்காணலுக்குப் போக, நியாயமான அளவு நேரம் விட வேண்டும்.

வெறும் ‘ஃபயர்’ என்றால் இதில் பெரும்பாலானது கிடையாது.

‘ஃபயர்’ அமெரிக்காவில் 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிறந்த பேச்சுவழக்கு. ‘டிஸ்சார்ஜ்’ என்றால் வேலையிலிருந்து விடுவிப்பது. அதே ‘டிஸ்சார்ஜ்’ துப்பாக்கியைச் சுடுவதையும் குறிக்கும். சுடுவதற்கு இன்னொரு சொல் ‘ஃபயர்’. அந்தச் சிலேடையில்தான் இது உருவாகியிருக்க வேண்டும் என்பது சொல்லாராய்ச்சியாளர்கள் பலரின் கருத்து. வேண்டாதவரின் வீட்டைக் கொளுத்தி விரட்டிய பழைய குலவழக்கத்திலிருந்து வந்தது என்று ஒரு கதை சுற்றுகிறது. கேட்க நன்றாக இருக்கிறது, நம்ப ஆதாரம் இல்லை.

பிரிட்டனில் அதே இடத்தில் நிற்பது ‘சாக்’. சாக்கு, பை. இதற்குச் சொல்லப்படும் விளக்கம் எனக்குப் பிடித்தது. அந்தக் காலத்துத் தச்சர், கொத்தனார் எல்லாம் தங்கள் சொந்தக் கருவிகளை ஒரு பையில் போட்டுக்கொண்டு வேலைக்கு வருவார்கள். உளி, சுத்தியல், ரசமட்டம் எல்லாம் அந்தப் பையில். வேலை நடக்கும் வரை பை முதலாளியின் பட்டறையில் இருக்கும். ஒருநாள் பையை எடுத்துக் கையில் கொடுத்தால் ‘கிளம்பு’ என்று பொருள். வாயால் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. பிரெஞ்சு மொழியிலும் பையைக் கொடுப்பது என்று இதே வழக்கு ஆங்கிலத்துக்கு முன்பே இருந்திருக்கிறது.

‘ஃபயர்’, ‘சாக்’ இரண்டுமே பிழையை ஆளின் மேல் வைக்கும் சொற்கள். ஒருவரை ‘ஃபயர்’ செய்தார்கள் என்றால் கேட்பவர் மனதில் எழும் அடுத்த கேள்வி ‘என்ன செய்தார்?’ என்பதுதான். அமெரிக்காவில் இருக்கும் நம் ஆட்கள் பலர், நிறுவனம் 200 பேரைக் குறைத்ததில் தங்கள் வேலையும் போயிருக்கும்போது ‘ஐ காட் ஃபயர்ட்’ என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். தமிழில் ‘வேலையை விட்டு எடுத்துட்டாங்க’ என்பதன் நேர் மாற்றாக அந்தச் சொல் அவர்களுக்கு வந்துவிடுகிறது. தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். நேர்காணலில் அது உங்கள் மேல் நீங்களே போட்டுக்கொள்ளும் பழி. அங்கே வேலையிழப்புக் காப்பீட்டுத் தொகை கேட்கும் விண்ணப்பத்திலும் இந்த வேறுபாடு முக்கியம்: ஆட்குறைப்பில் போனவருக்குக் கிடைக்கும் தொகை, ஒழுங்கீனத்துக்காக நீக்கப்பட்டவருக்குப் பொதுவாக மறுக்கப்படும்.

சட்ட ஆவணங்களில் இவை இரண்டும் வராது. அங்கே ‘டிஸ்மிஸல்’, ‘டெர்மினேஷன்’. பிந்தையது லத்தீனில் எல்லைக்கல்லைக் குறிக்கும் ‘டெர்மினஸ்’ வழியாக வந்தது; ஒப்பந்தம் எல்லைக்கு வந்துவிட்டது என்ற அளவில்தான் அதற்குப் பொருள், பழி இல்லை. ‘டிஸ்மிஸ்’ பற்றி ஒன்றைச் சொல்ல வேண்டும். பிரிட்டனில் ‘ராங்ஃபுல் டிஸ்மிஸல்’ வேறு, ‘அன்ஃபேர் டிஸ்மிஸல்’ வேறு. தமிழில் இரண்டையும் ‘முறையற்ற பணிநீக்கம்’ என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். முதலாவது ஒப்பந்தத்தை மீறுவது, உதாரணத்துக்கு முன்னறிவிப்புக் காலம் தராமல் அனுப்புவது. இரண்டாவது, அனுப்பிய காரணமோ நடைமுறையோ நியாயமற்றது என்பது. அந்த உரிமை 1971-ம் ஆண்டுச் சட்டத்தில்தான் வந்தது. நிறுவனத்தின் கொடுமை தாங்காமல் தொழிலாளி தானே விலகினால் அதையும் நீக்கமாகவே கருதும் ‘கன்ஸ்ட்ரக்டிவ் டிஸ்மிஸல்’ என்ற ஏற்பாடும் இருக்கிறது. ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டாலே உரிமை முடிந்தது என்று நினைப்பவர்கள் இந்தச் சொல்லைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

இனி, எல்லாவற்றிலும் அதிகக் குழப்பம் தரும் சொல்லுக்கு வருகிறேன்: ‘லே ஆஃப்’.

இதன் பழைய பொருள் தற்காலிகமாக வேலை கொடுக்காமல் இருப்பது. ஆர்டர் இல்லை, மூலப்பொருள் வரவில்லை, பருவம் முடிந்துவிட்டது. நிலைமை சரியானதும் கூப்பிடுவோம். அமெரிக்க மோட்டார் ஆலைகளில் தொழிலாளர்கள் இப்படிப் போய்ப் போய் வந்திருக்கிறார்கள். பிற்பாடு, திரும்பக் கூப்பிடும் பேச்சே இல்லாத ஆட்குறைப்புக்கும் அதே சொல் நிலைத்துவிட்டது. இன்று அமெரிக்கச் செய்தியில் ‘லே ஆஃப்’ என்று வந்தால் வேலை ஒரேயடியாகப் போனது என்றுதான் கொள்ள வேண்டும். பெரிய அளவில் இப்படிச் செய்யும்போது 60 நாள் முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று 100 அல்லது அதற்கு மேல் ஊழியர்கள் உள்ள நிறுவனங்களுக்கு 1988-ம் ஆண்டு ‘வார்ன்’ சட்டம் விதிக்கிறது. மற்றபடி, மொன்டானா தவிர எல்லா மாநிலங்களிலும் ‘அட் வில்’ என்பதே பொதுவிதி. சட்டம் தடுத்த காரணமாக இல்லாத வரை, எப்போது வேண்டுமானாலும் காரணம் சொல்லாமலும் அனுப்பலாம்.

பிரிட்டிஷ் சட்டத்திலும் இந்தியச் சட்டத்திலும் ‘லே ஆஃப்’ பழைய பொருளிலேயே நிற்கிறது. இந்தியாவின் 1947-ம் ஆண்டு தொழில் தகராறுகள் சட்டம் கொடுத்த வரையறை இப்படிப் போகும்: நிலக்கரி, மின்சாரம், மூலப்பொருள் தட்டுப்பாடு, சரக்குத் தேக்கம், இயந்திரக் கோளாறு, இயற்கைச் சீற்றம் போன்ற காரணங்களால், பதிவேட்டில் பெயர் உள்ள ஒரு தொழிலாளிக்கு வேலை கொடுக்க முடியாமல் போவது. பெயர் பதிவேட்டில் இருக்கிறது என்பதுதான் இதன் உயிர். வேலை உறவு அறுபடவில்லை. அடிப்படைச் சம்பளத்திலும் அகவிலைப்படியிலும் பாதி இழப்பீடாகக் கிடைக்கும். உறவு அறுபடுவதற்கு அதே சட்டம் வைத்த பெயர் ‘ரிட்ரென்ச்மென்ட்’. அதற்கு ஒரு மாத முன்னறிவிப்பும், முடித்த ஒவ்வொரு ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியமும் தர வேண்டும் என்பது அந்தச் சட்டத்தின் விதியாக இருந்தது. கடைசியாகச் சேர்ந்தவர் முதலில் போக வேண்டும் என்ற வரிசையும் அதில் இருந்தது.

தமிழ்ச் செய்திகளில் மென்பொருள் நிறுவனங்களைப் பற்றி எழுதும்போது ‘லே ஆஃப்’ என்று வருவதெல்லாம் அமெரிக்கப் பொருளில். சட்டப் புத்தகத்தில் வருவது இந்தியப் பொருளில். ஒரே பக்கத்தில் இரண்டும் வந்தால் படிப்பவர் என்ன செய்வார்? முன்னதை ‘ஆட்குறைப்பு’ என்றும் பின்னதை ‘தற்காலிக வேலை நிறுத்திவைப்பு’ என்றும் எழுதினால் பிரச்சினை தீர்ந்தது. ‘வேலைநிறுத்தம்’ என்று மட்டும் எழுதிவிடக் கூடாது. அது தொழிலாளி செய்வது.

‘ரிட்ரென்ச்’ பிரெஞ்சில் வெட்டிக் குறைப்பது. போர்க்களத்துப் பதுங்குகுழியான ‘ட்ரெஞ்ச்’சும் அதன் சொந்தக்காரர்; மண்ணை வெட்டியது அது, ஆளை வெட்டியது இது. சிங்கப்பூர், மலேசியா, ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா பக்கம் வேலை பார்த்தவர்களுக்கு இது பழகிய சொல். அமெரிக்காவில் ஒருவரிடம் ‘ஐ வாஸ் ரிட்ரென்ச்ட்’ என்றால் விழிப்பார்.

‘ஃபர்லோ’ டச்சு மொழியில் விடுப்பைக் குறிக்கும் சொல்லிலிருந்து படைவீரர்கள் வழியாக வந்தது. அமெரிக்க நாடாளுமன்றம் நிதி ஒதுக்கீட்டை நிறைவேற்றாமல் அரசு அலுவலகங்கள் மூடிக்கிடக்கும் நாள்களில், அத்தியாவசியப் பணியில் இல்லாத ஊழியர்கள் ‘ஃபர்லோ’வில் போவார்கள். 2018 டிசம்பரில் தொடங்கிய முடக்கம் 35 நாள் நீடித்தது. பிரிட்டனில் முன்பு இந்தச் சொல் அவ்வளவாகப் புழக்கத்தில் இருந்ததில்லை. 2020 மார்ச்சில் கொரோனா முடக்கத்தோடு அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது: வேலைக்கு வராமல் வீட்டில் இருக்கும் ஊழியரின் சம்பளத்தில் 80 சதவீதத்தை, மாதம் 2,500 பவுண்டு வரை, அரசே கொடுக்கும். 2021 செப்டம்பர் கடைசியில் திட்டம் முடிவதற்குள் ஒரு கோடியே 17 லட்சம் வேலைகள் ஏதாவது ஒரு கட்டத்தில் அதன்கீழ் வந்திருந்தன. சில வாரங்களில் சமையலறை வரைக்கும் போய்ச் சேர்ந்த சொல் அது.

நிறுவனங்கள் தாங்களே செய்துகொண்ட சொற்கள் தனி ரகம். ‘டவுன்சைஸ்’ 1970-களில் அமெரிக்க மோட்டார் உலகில் பிறந்தது. பெட்ரோல் விலை ஏறியதால் பெரிய கார்களைச் சிறிதாக்குவதற்கு அந்தப் பெயர். அடுத்த பத்தாண்டில் கார் போய் ஆள் வந்தது. அது காதில் உறுத்த ஆரம்பித்ததும் ‘ரைட்சைஸ்’ என்றார்கள். சரியான அளவுக்குக் கொண்டுவருகிறார்களாம். அப்படியென்றால் இருந்தவர்கள் எல்லாம் தவறான அளவு. ‘ரீஸ்ட்ரக்சரிங்’, ‘ரிடக்‌ஷன் இன் ஃபோர்ஸ்’ என்று பட்டியல் நீள்கிறது. கடைசியில் சொன்னதன் முதலெழுத்துகளைச் சேர்த்து ‘ரிஃப்’ என்று வினைச்சொல்லாகவே ஆக்கிவிட்டார்கள் அமெரிக்க அரசு ஊழியர்கள்.

என்னை மிகவும் சங்கடப்படுத்துவது ‘லெட் கோ’. ‘வீ ஹாவ் டு லெட் யூ கோ.’ ‘லெட்’ என்றால் அனுமதிப்பது. போக அனுமதி கேட்டு யாரும் வாசலில் நிற்கவில்லை. தள்ளுகிறவர் விடுவிக்கிறவராக மாறிவிடுகிறார், தள்ளப்படுகிறவர் நன்றி சொல்ல வேண்டிய இடத்துக்கு வந்துவிடுகிறார். சொல்பவருக்கு அது இதமாக இருக்கலாம். கேட்பவருக்கு என்ன நடந்தது என்பதே தெளிவாகாது. மொழி அவ்வளவாகப் பழகாத ஒருவர் ‘இன்று சீக்கிரம் வீட்டுக்குப் போகச் சொல்கிறார்கள்’ என்று நினைத்துக்கொள்ள இடம் இருக்கிறது.

சீட்டுகளின் கதை சுருக்கமானது. வேலை போனதைச் சொல்லும் சீட்டுக்கு அமெரிக்காவில் ‘பிங்க் ஸ்லிப்’ என்று பெயர்; 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்து வழக்கு. பிரிட்டனில் முன்பெல்லாம் ஒவ்வொரு தொழிலாளிக்கும் தேசியக் காப்பீட்டு அட்டை இருந்தது. முதலாளி அதில் முத்திரை ஒட்டித் தன்னிடமே வைத்திருப்பார். விலகும்போதுதான் அது கைக்கு வரும். அதனால் ‘கெட் யுவர் கார்ட்ஸ்’ என்றாலே வேலை போனது என்று ஆயிற்று. இப்போது அந்த இடத்தில் ‘பி45’ என்ற வரிப் படிவம். தானாக விலகுகிறவருக்கும் அதைக் கொடுப்பார்கள் என்பதை நினைவில் வையுங்கள். பி45 வந்துவிட்டது என்று பதறத் தேவையில்லை. தமிழ்ப் பேச்சிலும் ‘சீட்டைக் கிழிச்சுட்டாங்க’ என்கிறோம். எல்லா மொழியிலும் ஒரு காகிதம் இருக்கும் போல.

வயதைச் சொல்லும் ‘சூப்பரானுவேட்டட்’ ஒரு விசித்திரம். ஓர் ஆண்டுக்கு மேல் ஆகிவிட்ட மாட்டைக் குறிக்க இடைக்கால லத்தீனில் வழங்கிய சொல். இன்று அலுவலகக் கோப்புகளில் ‘சூப்பரானுவேஷன்’ வயது நிறைந்து ஓய்வு பெறுவது. ஆஸ்திரேலியாவில் அதுவே ஓய்வூதிய நிதி. ‘சூப்பர்நியூமரரி’ எண்ணிக்கைக்கு மேற்பட்டவர், நம் ‘உபரி’. வரிசை தவறி முளைக்கும் கூடுதல் பல்லுக்கும் பல் மருத்துவர்கள் இதே பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். ‘கேஷியர்’ வினைச்சொல்லாக வந்தால் ஏமாறாதீர்கள்: படை அதிகாரியை அவமானப்படுத்தி நீக்குவது அது. பணப்பெட்டிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

இத்தனைக்கும் தமிழில் நாம் என்ன வைத்திருக்கிறோம்? குறைச்சல் இல்லை. ஒழுங்கு நடவடிக்கை என்றால் ‘பணிநீக்கம்’. விசாரணை முடியும்வரை என்றால் ‘பணியிடை நீக்கம்’. நாம் ‘சஸ்பெண்ட்’ என்று சொல்வது. எண்ணிக்கையைக் குறைப்பது ‘ஆட்குறைப்பு’. பணம் கொடுத்து விலகச் சொல்வது ‘விருப்ப ஓய்வு’. இந்த வரிசையில் ‘ரிடன்டன்ட்’டுக்கு மட்டும்தான் அகராதிகள் ‘தேவையற்ற’ என்று எழுதிக் கைவிட்டுவிட்டன. இயந்திர மொழிபெயர்ப்பும் அதையே எடுத்துக்கொள்கிறது. கடிதத்தில் வந்தால் ‘வேலையிடம் நீக்கப்பட்டது’ என்று எழுத வேண்டும். ஆளைச் சுட்டி எழுதியே ஆக வேண்டுமானால் ‘வேலையிடம் இல்லாமல் போனதால் விடுவிக்கப்பட்டவர்’. நீளம்தான். நீளமாக இருந்துவிட்டுப் போகட்டும்.

பேச்சுத் தமிழ் இதில் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது. ‘வேலை போச்சு’ என்கிறோம். அந்த வாக்கியத்தில் எழுவாய் வேலை. போனது அதுதான், ஆள் அங்கேயே நிற்கிறான். ஆங்கிலத்தில் ‘ஐ லாஸ்ட் மை ஜாப்’ என்றால் நான் தொலைத்தேன் என்று ஆகிவிடுகிறது, பர்ஸைத் தொலைத்த மாதிரி. பிரிட்டிஷ் சட்டத்தின் 139-வது பிரிவு பல வரிகளில் சொல்ல முயல்வதற்கு மிக அருகில் வருவது அந்த இரண்டு சொல் தமிழ் வாக்கியம்.

அன்று ராத்திரி தம்பிக்குக் கடிதத்தை வரிவரியாகத் தமிழில் எழுதி அனுப்பினேன். “நீங்கள் பார்க்கும் வேலையிடம் எடுக்கப்படக்கூடும். முடிவு இன்னும் ஆகவில்லை. அதைப் பற்றிப் பேச அடுத்த வாரம் வாருங்கள், துணைக்கு ஒருவரை அழைத்து வரலாம்.” கொஞ்ச நேரம் பதில் இல்லை. பிறகு, “அப்ப என்னைச் சொல்லலையா?” என்று கேட்டான். “இல்லப்பா, நீ நின்ன இடத்தைச் சொல்றாங்க” என்றேன்.

கூட்டங்கள் நடந்தன. வேலையிடம் போகத்தான் செய்தது. எட்டு வாரச் சம்பளமும் முன்னறிவிப்புக் காலச் சம்பளமும் வந்தன. இரண்டு மாதம் கழித்து வேறொரு கிடங்கில் விண்ணப்பப் படிவம் நிரப்பும்போது மறுபடியும் கூப்பிட்டான். ‘முந்தைய வேலையைவிட்டு விலகிய காரணம்’ என்ற கட்டத்தில் என்ன எழுதட்டும் என்று கேட்டான். என்ன எழுதப் போகிறாய் என்று நானே திருப்பிக் கேட்டேன். ‘ரிடன்டன்சி’ என்று எழுத்துக்கூட்டிச் சொன்னான், சரியா என்று கேட்டுக்கொண்டான், எழுதினான்.